கொடியில் ஒரு சட்டை குறைவு

கறை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட மேசை விரிப்பிலிருக்கும் காபிக் கறையை விரலால் தடவிப் பார்த்து, "இது பழசு, போகாது" என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பயந்தே அவள் வீட்டுக்காரர் எங்கே போனாலும் விரிப்பில்லாத மேசையாகப் பார்த்து அவளை உட்கார வைப்பார். அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், பழுதான ஓவியத் தாள்களைச் சீராக்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு 'கறையம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொள்வாள்.

பக்கத்து அறையில் ரசாயனக்காரர் இருந்தார். மை என்ன மை, தாள் என்ன தாள் என்று கருவிகளை வைத்து ஆராய்ந்து சொல்வது அவர் வேலை. எதைத் தொடப் போனாலும் "பொறுங்க" என்பார். அதனால் அவருக்கும் ஒரு பெயர் உண்டு: பொறுங்க சார்.

ஒரு திங்கட்கிழமை காலை, சலவைக்கடைக்காரி ஒருத்தி போர்வையில் சுற்றிய பெரிய படம் ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்தபோது ஈர அட்டையின் வாடை அறை முழுக்கப் பரவியது.

"மாடியில குழாய் உடைஞ்சிருச்சு மேடம். ஞாயித்துக்கிழமை கடை பூட்டு. இன்னைக்குத் திறந்து பார்த்தா சுவரெல்லாம் தண்ணி. மெஷினுக்கு ஒண்ணும் ஆகல, துணிக்கும் ஒண்ணும் ஆகல. சொல்லிவச்ச மாதிரி இது மேலதான் ஊத்தியிருக்கு."

அது ஒரு ஸ்கிரீன் பிரிண்ட், சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சடித்த படம். நீளமான ஒரு துணிக்கொடி, அதில் வரிசையாகக் காயும் சட்டைகள்: கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, நீலம், பச்சை, ரோஜா நிறம். ஒவ்வொன்றும் கத்தரித்து ஒட்டியது போலத் தட்டையாக, நறுக்கென்று இருந்தது. அதை அச்சடித்த பெண் ஓவியர் இளவயதில் அந்தச் சலவைக்கடையின் மாடியில்தான் குடியிருந்தார். காலி செய்துகொண்டு போகும்போது, அன்று கடையை நடத்திய இவள் அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த படம் இது. பிறகு அவர் பெரிய பெயர் எடுத்தார். அவருடைய படங்களையெல்லாம் திரட்டி அருங்காட்சியகம் கண்காட்சி வைக்கப்போகிறது. அதற்கு இந்தப் படத்தையும் கேட்டு வாங்கும் நேரத்தில்தான் குழாய் உடைந்திருக்கிறது.

சேதம் கொஞ்ச நஞ்சமில்லை. தாள் அப்பளம் போல நெளிந்திருந்தது. கீழ் ஓரத்தில் தண்ணீர் ஏறி நின்ற இடம்வரை பழுப்பாக ஒரு கோடு, அலை அலையாக. ரோஜா நிறச் சட்டையின் கீழ்ப்பகுதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்புறத்தில் யாரோ என்றோ ஒட்டிய செலோடேப் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது.

"பிழைச்சுக்குமா?" என்று கேட்டாள் சலவைக்கடைக்காரி.

"பிழைச்சுக்கும். இந்தப் பழுப்பெல்லாம் போயிடும்," என்றாள் கறையம்மா. சொல்லும்போதே விரல்கள் துறுதுறுத்தன.

"எங்கப்பா தினம் கடைக்கு வந்து இது எதிர்லதான் உட்காருவாரு மேடம். வேலைய என்கிட்ட விட்டுட்டாரு, வாய மட்டும் விடல. காலையில காலிச் சுவரப் பார்த்துட்டு, மெஷினை எல்லாம் வித்தாலும் பரவாயில்ல, படத்தக் கொண்டுவாங்கிறாரு." அவள் கொடியில் ஓரிடத்தைக் காட்டினாள். நீலச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் நடுவே இரண்டு கிளிப்புகள் மட்டும் இருந்தன. அவற்றில் எதுவும் தொங்கவில்லை. "சின்ன வயசுல இத ஏன் சும்மா விட்டுருக்குன்னு கேப்பேன். காத்துல பறந்துருச்சும்பாரு."

கண்ணாடியிலிருந்து தாளைப் பிரிக்கவே இரண்டு மூன்று நாள் பிடித்தது. லேசான ஈர ஆவியைக் காட்டி, மெல்லிய தகட்டை மயிரிழை மயிரிழையாக உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். ரோஜா நிறத்தில் ஒரு கடுகளவு மட்டும் கண்ணாடியோடு தங்கிவிட்டது. அதைத் தனியே எடுத்து ரசாயனக்காரரிடம் கொடுத்தாள். அவருக்கு அது போதும், ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பார்.

அடுத்து மைகளைச் சோதித்தாள். ஒவ்வொரு நிறத்தின் மூலையிலும் ஊசிமுனையளவு தண்ணீர்ச் சொட்டு வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தாள். ஆரஞ்சு கரையவில்லை. நீலமும் பச்சையும் கரையவில்லை. ரோஜா நிறமும் அப்படியே இருந்தது. நல்ல எண்ணெய் மைகள். தண்ணீரைச் சட்டை செய்யவே இல்லை. அப்படியானால் தாளை அகலத் தட்டில் மிதக்கவிட்டுக் குளிப்பாட்டிவிடலாம். பழுப்பு தானாகக் கழன்று வரும். தட்டைக் கழுவி, வடிகட்டிய நீரை நிரப்பினாள். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடியது.

"பொறுங்க மேடம்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"என்ன சார் இப்ப?"

"புற ஊதா வெளிச்சத்துல ஒரு படம் எடுத்துக்கறேன். புது விளக்கு வந்திருக்கு."

"சாய்வு வெளிச்சத்துல நேர் மேலேர்ந்து எடுத்தாச்சு, நேர் வெளிச்சத்துல எடுத்தாச்சு. தாள் நெளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. அது எனக்கு வெறுங்கண்ணுலயே தெரியும். தண்ணி ஆறிடும் சார்."

"பச்சைத் தண்ணிதானே மேடம், அதுக்கு மேல என்ன ஆறும்?"

அவள் முனகிக்கொண்டே திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அவர் விளக்கைப் போட்டார்.

தாள் முழுக்க இளநீலமாக ஒளிர்ந்தது. ஆரஞ்சுச் சட்டை ஊதிவிட்ட தணல் போல எரிந்தது. தண்ணீர்க் கோடு வெள்ளிக்கம்பி மாதிரி மின்னியது. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, அந்த வெற்றுக் கிளிப்புகளின் கீழே, பால் மஞ்சளாக ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலர் இருந்தது. மார்பில் ஒரு பை. பொத்தான் வரிசையில் ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒரு கையின் நுனியைத் தண்ணீர்க் கோடு தொட்டுக்கொண்டு போயிற்று.

அவர் விளக்கை அணைத்தார். வெற்றுத்தாள். போட்டார். சட்டை. மறுபடியும் அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"விளையாடாதீங்க சார்," என்றாள் அவள்.

அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். சொட்டு பட்ட இடம் உடனே இளகி, ஒற்றுத்தாளில் பிசுபிசுவென்று வந்தது. மற்ற நாலு நிறமும் அசையாத தண்ணீரில் இது மட்டும் கரைகிறது. அவள் திரும்பி, நிரப்பி வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முக்கியிருந்தா?" என்றாள்.

"போயிருக்கும். போனதே நமக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்கலையே மேடம். டீ சொல்லட்டுமா?" என்றார்.

டீ வந்தது. குடித்து முடித்ததும் அவளுக்குத் தெம்பு திரும்பியது. தெம்போடு கேள்விகளும் வந்தன. இது என்ன? பிற்பாடு யாராவது எதையாவது தடவினார்களா? அல்லது ஓவியரே அச்சடித்ததா? இதே படத்தின் இன்னொரு பிரதி வேறோர் அருங்காட்சியகத்தில் இருந்தது. போன் செய்து, அதை விளக்கின் கீழ் பார்க்கச் சொன்னார்கள். அங்கே கிளிப்புகளின் கீழே ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

"அப்ப இது ஓவியர் போட்டது இல்ல. கடையில யாரோ செஞ்ச குறும்பு," என்றாள்.

"பொறுங்க," என்றார் அவர்.

மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். மறைந்திருந்த சட்டையின் ஓரம் தூரிகையால் இழுத்தது போல வழவழப்பாக இல்லை. ரம்பப் பல் மாதிரி நுண்ணிய படிக்கட்டுகளாக இருந்தது. சல்லடைத் துணியின் வழியே மையை ரப்பர் பட்டையால் தள்ளினால்தான் அப்படி வரும். இன்னொன்றும் தெரிந்தது. மறைந்த சட்டையின் இடக்கை பச்சைச் சட்டையின் அடியில் போய் நுழைந்திருந்தது. பச்சை அதன்மேல் படிந்திருந்தது. ஆகவே பச்சை விழுவதற்கு முன்பே இது தாளில் இருந்தது. பச்சையை அச்சடித்த கைதான் இதையும் அச்சடித்திருக்க வேண்டும். ரசாயனக்காரர் துரும்பளவு எடுத்து ஆராய்ந்துவிட்டு, நிறம் எதுவும் சேர்க்காத தெளிந்த பிசின் என்று சொன்னார்.

சலவைக்கடைக்காரியைப் போனில் கூப்பிட்டாள். "கிளிப்புக்குக் கீழ ஒரு சட்டை இருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"சட்டையா? எனக்குத் தெரியாது மேடம். இருங்க, அப்பாகிட்ட குடுக்கிறேன்."

பெரியவர் போனை வாங்கினார். விஷயத்தைக் கேட்டார்.

"எந்தச் சட்டை? எனக்கு எந்தச் சட்டையும் தெரியாது," என்றார். போன் வைக்கப்பட்டது.

"யாரோட சட்டைன்னு நான் இன்னும் கேட்கவே இல்ல, அதுக்குள்ள மறுக்கிறார்," என்றாள் அவள் ரசாயனக்காரரிடம்.

ஓவியரை வரவழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த வாரமே வந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, விரல் நகங்களில் மையோடு, மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்தார். மேசையைச் சுற்றி நடந்து தாளைப் பார்த்தார். நெளிவைப் பார்த்து 'ச்சு' கொட்டினார். கறையம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

ஓவியர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களே. நான் செத்ததுக்கு அப்புறம்தான்னு நினைச்சிட்டிருந்தேன்."

"யாரோட சட்டைங்க இது?"

"என்னோடது. வெள்ளைச் சட்டை. என்கிட்ட இருந்த ஒரே நல்ல சட்டை அதுதான். என் முதல் கண்காட்சிக்குப் போட்டுக்கணும்னு கீழ சலவைக்குக் குடுத்தேன். திரும்பி வரவே இல்ல. கேட்டா, 'குடுத்தாச்சே தங்கச்சி'ங்கிறாரு அண்ணன். வரலைண்ணேங்கிறேன். குடுத்தாச்சும்மாங்கிறாரு. மை பட்ட சட்டையோடவே போய் நின்னேன். அப்புறம் காலி பண்ணும்போது இந்தப் படத்தைக் குடுத்தேன். அவருக்குக் குடுத்த பிரதியில மட்டும் அந்தச் சட்டையையும் போட்டேன், கண்ணுக்குத் தெரியாத மையில. என்னிக்காவது ஒருநாள் பார்ப்பாரு, மாட்டிக்கிட்டோம்னு முழிப்பாருன்னு."

"பார்க்கவே இல்லையா?"

"ஊருக்கு வரும்போதெல்லாம் கடைக்குப் போவேன். படத்தைப் பார்ப்பேன், அவர் மூஞ்சியைப் பார்ப்பேன். கல்லு மாதிரி இருப்பாரு. அவ்வளவு பாடுபட்டு அடிச்சேன், மனுஷன் என் சட்டையைச் சட்டையே பண்ணல." அதைச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

கறையம்மாவும் சிரித்தாள். ஆனால் போனில் கேட்ட அந்தக் குரல் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவரை அழைத்து வரும்படி மகளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் இஸ்திரி போட்ட மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். மகள் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டார். ஓவியரைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"வா தங்கச்சி."

"வாங்கண்ணே. இது என் வீடு இல்ல, உங்க வீடும் இல்ல. உட்காருங்க."

விளக்கைப் போடக் கறையம்மா கை நீட்டினாள். பெரியவர் வேண்டாமென்று தலையசைத்தார். "அது எதுக்கும்மா? காலர் கொஞ்சம் தூக்கிட்டிருக்கும். மூணாவது பொத்தான் இருக்காது. அதானே?"

அறையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"அப்பா, அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

"மாட்டின மறுவாரமே தெரியும். சாயந்திரம் ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வெயில் சாஞ்சு வரும். அப்ப அந்த இடம் மட்டும் பளபளன்னு இருக்கும். கொஞ்ச நேரந்தான். அதுக்காகவே அந்த நேரத்துல நான் டீ குடிக்கக்கூட வெளிய போக மாட்டேன்."

ஓவியர் எழுந்துவிட்டார். "பார்த்துட்டு ஏன்ணே சொல்லல?"

"சொன்னா நான் தொலைச்சேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடாதா?"

"தொலைச்சீங்கதானே?"

"தொலைக்கல. உன் அறையில கூட இருந்த பொண்ணுகிட்ட என் கையால குடுத்தேன்."

"என் அறையில யாருமே கூட இருந்ததில்ல."

பெரியவர் விடவில்லை. "அப்ப கதவத் தொறந்தது யாரு?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

"மூக்குத்தி போட்டிருந்தாளே."

"எந்த மாடிக்குப் போனீங்க நீங்க?"

அந்தக் கட்டடத்தில் ஒரே மாதிரி இரண்டு படிக்கட்டுகள் இருந்தன என்று மகள் மெதுவாக ஞாபகப்படுத்தினாள். "நீ சும்மா இரும்மா," என்றார் பெரியவர். ஓவியர் நாற்காலியில் சாய்ந்து, மேற்கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் வயிறும் குலுங்கத் தொடங்கியது. எவளோ ஒரு மூக்குத்திக்காரி அந்தச் சட்டையை எத்தனை காலம் போட்டுக்கொண்டாளோ என்று இருவருமாகப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். தொலைத்ததாக மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அது அடங்கியதும், கறையம்மா வேலைப் பேச்சுக்கு வந்தாள். தண்ணீர்த் தட்டு இனி ஆகாது. பழுப்பைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். மறைந்த சட்டையின் கைநுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கறையை எடுத்தால் சட்டையும் கூடவே வந்துவிடும். அந்த ஓரத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று ஓவியரைக் கேட்டாள். கேட்கும்போது அவளுக்கே அந்தக் குரல் தன்னுடையதாகத் தெரியவில்லை. கறையை விட்டுவிடலாமா என்று அவள் இதற்கு முன் யாரையும் கேட்டதில்லை.

"விட்டுடுங்க. சட்டையோட கை அழுக்காகிறது வழக்கம்தானே," என்றார் ஓவியர்.

பெரியவருக்குத்தான் ஒப்பவில்லை. "ஏம்மா, கொஞ்சம் வினிகரை விட்டு, மேல உப்பைத் தூவி, வெயில்ல வச்சா இந்தக் கறை நிமிஷமாப் போயிடும்."

"போயிடும் ஐயா. தாளும் போயிடும்."

"அப்படியா? எனக்குத் துணிதான் தெரியும்," என்று ஒதுங்கிக்கொண்டார். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

அவள் கடற்பாசியிலிருந்து செய்த ஜெல்லைத் தகடாக வார்த்து, பழுப்புக் கோட்டின் அளவுக்குச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக வைத்து எடுத்தாள். வெள்ளையாக வைத்த துண்டு பழுப்பை உறிஞ்சிக்கொண்டு டீ நிறத்தில் திரும்பி வந்தது. பின்புறத்து செலோடேப்பை இளஞ்சூடு காட்டிக் கழற்றினாள். ரோஜா நிறத்தில் விட்டுப்போன கடுகளவு இடத்தை, பின்னால் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடக்கூடிய நிறத்தால் நிரப்பினாள். கடைசியில் தாளைக் கம்பளித் துணிகளுக்கு நடுவில் வைத்து மெல்லிய பாரம் ஏற்றினாள். எடுத்தபோது நெளிவு தணிந்து, பாய் விரித்தது போலக் கிடந்தது. கைநுனி ஓரத்தில் பழுப்பு ஒரு நகக்கீற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. முதல் இரண்டு நாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் அரித்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

கண்காட்சியில் படத்தை எப்படி மாட்டுவது என்று ரசாயனக்காரர்தான் யோசனை சொன்னார். அந்த ஆரஞ்சு நிறம் வெளிச்சம் தாங்காது. ஆகவே மங்கலான விளக்கு. அதையும் மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார்கள். நேரே நின்று பார்ப்பவருக்கு இரண்டு வெற்றுக் கிளிப்புகள். இடப்பக்கம் நகர்ந்து கொஞ்சம் குனிந்தால், தாளில் ஒரு சட்டை பளபளக்கும். பக்கத்தில் வைக்கும் குறிப்பில் என்ன எழுதுவது என்றுதான் பெரிய சண்டை. 'தொலைந்த சட்டை' என்று போடச் சொன்னார் ஓவியர். 'ஒப்படைத்த சட்டை' என்று போடாவிட்டால் படத்தையே தரமாட்டேன் என்றார் பெரியவர். கறையம்மா இரண்டையும் விட்டுவிட்டு, 'தாளில் நான்கு நிற மைகள், ஒரு தெளிந்த மை' என்று எழுதி மாட்டினாள்.

திறப்பு நாளன்று மாலை கூட்டம் நெரிந்தது. ஓவியரும் பெரியவரும் படத்துக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள். பெரியவர் வருகிறவர்களின் தோளைப் பிடித்து, "இப்படி வாங்க, குனிங்க, இன்னும் குனிங்க" என்று காட்டினார். நிமிர்ந்தவர்களிடம் ஓவியர் தன் கட்சியைச் சொன்னார். அவர் முடிக்கும் முன்பே பெரியவர் தன் கட்சியைத் தொடங்கினார். கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.

சலவைக்கடைக்காரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, போகலாமா? நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரித் துணி வருது."

"நீ முன்னாடி போம்மா. அந்த மூக்குத்திக்காரியப் பத்தி இவருக்கு இன்னும் சொல்லி முடிக்கல," என்றார் பெரியவர், புதிதாக வந்து நின்ற ஒருவரின் தோளைப் பிடித்தபடி.

மகள் கறையம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு பேருமாகச் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்கள்.